பவளப்பாறைக் குட்டி உளுவைகள்: அடையாளம் காண்பதும் விவரிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கடலியல் படிக்கும் மாணவர்கள், டைவிங் போகிறவர்கள், கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு படத்தோடு வரும் கேள்விகள்தான்: "இது என்ன மீன், புது இனமா?" ஓர் உதாரணம் கையில் இருந்தால் பேச எளிது என்பதால், உளுவை மீன்களில் (ஆங்கிலத்தில் கோபி) மிகச் சிறியவை அடங்கிய எவியோட்டா என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) வைத்தே பெரும்பாலான பதில்களைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: நான் பார்த்தது உளுவைதானா?

துடுப்புகளைப் பாருங்கள். உளுவைகளுக்கு முதுகில் பெரும்பாலும் இரண்டு துடுப்புகள் தனித்தனியாக இருக்கும். முன்னது சிறியது, வளையக்கூடிய மெல்லிய முட்கள் கொண்டது. பின்னது நீளமானது, மென்கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் இழைகள்) கொண்டது. உடலின் பக்கத்தில் தலையிலிருந்து வால்வரை ஓடும் பக்கவாட்டுக் கோடு உளுவைகளுக்குக் கிடையாது. பாறைக் குட்டைகளில் உளுவையோடு சேர்ந்தே திரியும் பிளென்னி மீன்களுக்கு முதுகில் பெரும்பாலும் ஒரே நீளத் துடுப்புதான். இடுப்புத் துடுப்பும் மார்புத் துடுப்புக்கு முன்னால், தொண்டைக்குக் கீழே சில கதிர்களாக மட்டும் இருக்கும். இந்த இரண்டைப் பார்த்தாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"உளுவை என்றால் வயிற்றுப் பக்கம் உறிஞ்சு தட்டு இருக்க வேண்டுமே" என்று பலர் கேட்கிறார்கள். ஆற்று முகத்திலும் கரையோரத்திலும் நாம் பார்க்கும் உளுவைகளில் இரண்டு இடுப்புத் துடுப்புகளும் சேர்ந்து கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும், உண்மைதான். ஆனால் பவளப்பாறையில் வாழும் குட்டி உளுவைகள் பலவற்றில் அவை பிரிந்தே இருக்கும். தட்டு இல்லை என்பதற்காக உளுவை இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

எவியோட்டா எப்படிப்பட்ட மீன்?

1903-ல் ஜென்கின்ஸ் என்பவர் ஹவாயிலிருந்து கிடைத்த ஒரு மீனை வைத்து இந்தப் பேரினத்தை அமைத்தார். செங்கடலில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் வழியாகப் பசிபிக் தீவுகள்வரை பரவியிருக்கிறது. இன்று 100-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு, அவற்றில் பல கடந்த இருபது ஆண்டுகளுக்குள் பெயர் பெற்றவை. வளர்ந்த மீனே பெரும்பாலும் 10 முதல் 20 மில்லிமீட்டர்தான். ஒரு பெருவிரல் நகத்தின் மேல் படுக்க வைத்துவிடலாம். உடல் கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே முதுகெலும்பை ஒட்டி வரும் கறுப்பு, சிவப்புப் பட்டைகள் தோல் வழியாகவே தெரியும். பவளத்தின் மேலேயோ கற்களின் மேலேயோ உட்கார்ந்திருக்கும், ஆள் நிழல் பட்டதும் சட்டென்று ஒரு விரல் தூரம் நகர்ந்து மறுபடி உட்காரும்.

இந்தப் பேரினத்தில் எவியோட்டா சிகில்லாட்டா என்று ஓர் இனம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டெப்சின்ஸ்கி, பெல்வுட் இருவரும் அதன் காதுக்கல்லில் நாளுக்கொன்றாகப் படியும் வளையங்களை எண்ணிப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிகபட்ச ஆயுள் 59 நாள். முட்டையிலிருந்து வந்து மூன்று வாரம் நடுக்கடலில் மிதக்கும், பாறைக்கு வந்து ஓரிரு வாரத்தில் முதிர்ச்சி அடையும், மிச்சம் இருப்பது மூன்றரை வாரம். அதற்குள் இணை சேர்ந்து, முட்டையைக் காத்து, முடித்துவிட வேண்டும். முதுகெலும்புள்ள எதற்கும் இவ்வளவு குறைந்த ஆயுள் பதிவானதில்லை என்று அப்போது அறிவித்தார்கள். இவ்வளவு வேகமாகத் தலைமுறை மாறுகிற மீன், குறுகிய காலத்தில் தீவுக்குத் தீவு வேறுபட்டுப் போவதில் வியப்பில்லை. இனங்களைப் பிரிப்பது கடினமாவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

டிரிம்மா என்றும் ஒரு குட்டி உளுவை இருக்கிறதே, இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, செவுள் திறப்பு. டிரிம்மாவில் அது அகலமாகக் கண்ணுக்குக் கீழ் வரைக்கும் முன்னால் வந்திருக்கும். எவியோட்டாவில் அவ்வளவு தூரம் வராது. இன்னொன்று, தலையில் உள்ள உணர்வுத் துளைகள். டிரிம்மாவுக்கு அவை கிடையாது. எவியோட்டாவின் பெரும்பாலான இனங்களுக்கு உண்டு. இடுப்புத் துடுப்பும் உதவும்: எவியோட்டாவில் நான்காவது கதிர் பக்கவாட்டில் பல சிறு கிளைகள் விட்டிருக்கும், ஐந்தாவது கதிர் மிகச் சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும். நுண்ணோக்கியின் கீழ்தான் இதெல்லாம் தெரியும். தண்ணீருக்குள் எடுத்த படத்தில் தேட வேண்டாம்.

நல்ல படம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து இனத்தைச் சொல்ல முடியாதா?

சில இனங்களை முடியும். பல இனங்களை முடியாது. ஆனால் படம் வேண்டவே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், ஏனென்றால் உயிர்நிறம் வேறு எங்கும் கிடைக்காது. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் எத்தனாலில் கரைந்து போய்விடும். கறுப்புப் புள்ளிகள் மட்டும் பெரும்பாலும் நிற்கும். அருங்காட்சியகத்துப் பாட்டிலில் ஐம்பது ஆண்டாக இருக்கும் மீன் வெளிறிய பழுப்பு நிறத்தில்தான் கிடக்கும். உயிரோடு பார்த்தவர் எழுதி வைக்காவிட்டால் அந்த மீன் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் எடுக்கும்போதே முறையாக எடுங்கள். இடதுபக்கம் முழுதாகத் தெரியும்படி ஒன்று. தலை மட்டும் நெருக்கத்தில் ஒன்று. மேலிருந்து ஒன்று, ஏனென்றால் கண்ணைச் சுற்றி வரும் கோடுகள் மேலிருந்துதான் தெரியும். குதத் துடுப்பிலிருந்து வால்வரை அடிவயிற்று ஓரத்தில் தோலுக்கடியில் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். எவியோட்டாவில் அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கைகூட இனத்துக்கு இனம் மாறும். அது தெளிவாக விழுகிற மாதிரி ஒன்று. ஆழம், இடம், தேதி, எதன் மேல் உட்கார்ந்திருந்தது (உயிர்ப் பவளமா, மணலா, இடிந்த பவளத் துண்டா) என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கறுப்பு வயிற்று எவியோட்டாக்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இந்தத் துறையின் மொத்தச் சிரமமும் அந்தக் கதையில் இருக்கிறது. வயிற்றுப் பக்கம் அடர்ந்த கறுப்பும் மேலே வேறு நிறமும் கொண்ட, பவளக் கிளைகளுக்கு மேலே மிதந்து நிற்கிற ஒரு குழு இது. 1933-ல் ஜில்டே என்பவர், இன்றைய இந்தோனேசியாவான அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் எடுத்த மீன்களை வைத்து எவியோட்டா நைக்ரிவென்ட்ரிஸ் என்ற இனத்தை விவரித்தார். 1976-ல் ஹெலன் லார்சன் எவியோட்டா பெல்லூசிடா என்ற புது இனத்தை வெளியிட்டார். அதே கட்டுரையில் நைக்ரிவென்ட்ரிஸ் என்ற பெயர் செல்லுமா என்றும் விவாதித்தார். அப்புறம் பல ஆண்டுகள் பெல்லூசிடா என்று பெயர் சொல்லி வந்த மீன்களில் ஒரு பகுதி உண்மையில் வேறு இனம் என்று 2012-ல் கிரீன்ஃபீல்டும் சுசுகியும் காட்டினார்கள். அதற்கு எவியோட்டா அட்ரிவென்ட்ரிஸ் என்று பெயர் வந்தது. 2014-ல் கிரீன்ஃபீல்டும் டோர்னபீனும் பாப்புவா நியூகினியிலிருந்து எவியோட்டா பிராமியை விவரித்தார்கள். அதைச் செய்வதற்கு ஜில்டேயின் பழைய நைக்ரிவென்ட்ரிஸையே மறுபடி முழுதாக விவரிக்க வேண்டியிருந்தது.

பழைய பெயர் எந்த மீனுக்கு உரியது என்று உறுதியாகாத வரைக்கும் பக்கத்தில் இருக்கும் புதிய மீனுக்குப் பெயர் வைக்க முடியாது. என்னிடம் "புது இனமா" என்று கேட்பவர்களிடம் முதலில் பழைய இனங்களைப் படிக்கச் சொல்வது இதனால்தான். வேலையில் பெரும்பகுதி அங்கேதான் போகும்.

மீனை எடுத்தால் எப்படிப் பதப்படுத்துவது?

அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அனுமதி பற்றிப் பின்னால் வருகிறது. கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் எத்தனாலில் கலந்து, கடல்நீரோடு சேர்த்துப் பீச்சு பாட்டிலில் அடைத்துக்கொள்வார்கள். பவள இடுக்கில் மெதுவாகப் பீய்ச்சினால் மீன் மயங்கி வெளியே வரும், சின்ன வலையால் எடுத்துவிடலாம்.

கரைக்கு வந்ததும் மீன் கெடுவதற்குள் துடுப்புகளை விரித்து மெல்லிய ஊசியால் பிடிக்க வைத்து, அவற்றின் மேல் கெட்டிப் பார்மலினைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் விரித்தபடியே இறுகிவிடும். உடனே படம் எடுங்கள். டிஎன்ஏ வேண்டுமென்றால் பார்மலினில் போடுவதற்கு முன்பே வலதுபக்கத்திலிருந்து ஒரு சிறு சதைத் துண்டோ மார்புத் துடுப்போ எடுத்து 95 சதவீத எத்தனாலில் தனியாக வைக்க வேண்டும். இடதுபக்கத்தைத் தொடக்கூடாது, அளவுகளும் படங்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான். பிறகு மீன் 10 சதவீதப் பார்மலினுக்குப் போகும், அங்கிருந்து தண்ணீரில் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு. பாட்டிலுக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்துவிட்டால் அந்த மாதிரியின் பாதி மதிப்பு போய்விடும்.

எதையெல்லாம் எண்ண வேண்டும், அளக்க வேண்டும்?

நீளம் என்றால் மேலுதட்டின் முனையிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் எலும்பு வரைக்கும். வால் துடுப்பைச் சேர்க்கக்கூடாது, அது எளிதில் கிழிந்துவிடும். மற்ற அளவுகளை (தலை நீளம், உடல் ஆழம், கண்ணின் குறுக்களவு, வால்தண்டின் உயரம்) இந்த நீளத்தின் சதவீதமாகத் தருவார்கள்.

எண்ண வேண்டியவை: இரண்டு முதுகுத் துடுப்புகளின் முட்களும் கதிர்களும், குதத் துடுப்பின் கதிர்கள், மார்புத் துடுப்பின் கதிர்கள், உடலின் பக்கத்தில் செதில் வரிசைகள். இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் கடைசிக் கதிர் அடிவரை பிளந்திருக்கும். அதை ஒன்றாகவே எண்ண வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் இரண்டாக எண்ணிவிட்டு, அடையாளத் திறவுகோலில் (பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்துக்கு வழிகாட்டும் பட்டியல்) தவறான கிளைக்குப் போய்விடுவார்கள். எவியோட்டா கட்டுரைகளில் 9/8 என்று பார்த்தால், இரண்டாம் முதுகுத் துடுப்பில் ஒன்பது மென்கதிர், குதத் துடுப்பில் எட்டு என்று பொருள்.

எவியோட்டாவுக்கே உரிய சிலவும் உண்டு. மார்புத் துடுப்பின் கதிர்கள் நுனியில் கிளைத்திருக்கின்றனவா, இல்லையா? இடுப்புத் துடுப்பின் நான்காவது கதிருக்கு எத்தனை கிளை? ஐந்தாவது கதிர் இருக்கிறதா, இருந்தால் நான்காவதில் எவ்வளவு பங்கு? முதல் முதுகுத் துடுப்பின் முள் இழையாக நீண்டிருக்கிறதா? ஆண் மீனின் இனப்பெருக்கப் புடைப்பின் நுனி மழமழப்பாக இருக்கிறதா, ஓரத்தில் சிறு நீட்சிகள் கொண்டதா? கடைசியாகச் சொன்னது ஆண், பெண் பிரிக்கவும் உதவும்: பெண்ணில் அது குட்டையாகப் பருத்திருக்கும், ஆணில் நீண்டு கூம்பியிருக்கும்.

எலும்புகளுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். உளுவைகளின் முதுகெலும்புக் கணக்கும் முதல் முதுகுத் துடுப்பின் தாங்கு எலும்புகள் எந்த முள்ளெலும்புகளுக்கு நடுவே இறங்குகின்றன என்ற அமைப்பும் பேரினங்களைப் பிரிக்க மிகவும் பயன்படும். 1988-ல் பேர்ட்சாங், மர்டி, பெசோல்ட் மூவரும் அதை முறைப்படுத்தினார்கள்.

தலையில் உள்ள துளைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நீரின் அசைவை உணரும் குழாய்கள் உளுவையின் தலைத்தோலுக்கு அடியில் ஓடுகின்றன. அவை வெளியே திறக்கும் இடங்கள்தான் இந்தத் துளைகள். உடலில் பக்கவாட்டுக் கோடு இல்லாத உளுவைக்கு இந்த அமைப்பு தலையில்தான் குவிந்திருக்கிறது. எந்த இடத்தில் துளை இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்பது ஓர் இனத்துக்குள் பெரும்பாலும் மாறாது. அதனால் 1980-ல் லாக்னரும் கர்னெல்லாவும் எவியோட்டா பேரினத்தை ஆராய்ந்தபோது இனங்களைத் துளை அமைப்பின்படிக் குழுக்களாகப் பிரித்தார்கள்: முழு அமைப்பும் உள்ளவை ஒரு குழு, கண்ணுக்குப் பின்னால் வரும் ஒரு குறிப்பிட்ட துளை இல்லாதவை அடுத்த குழு, அதற்கு மேலும் குறைந்தவை மற்ற குழுக்கள். பின்னால் வந்தவர்களும் இந்தப் பிரிவை ஒட்டியே போகிறார்கள்.

பதினைந்து மில்லிமீட்டர் மீனின் தலையில் துளையைப் பார்ப்பது எளிதா என்று கேட்டால், சாயம் இல்லாமல் எளிதில்லை. சயனின் புளூ என்ற நீலச் சாயத்தில் கொஞ்ச நேரம் தோய்த்தெடுத்தால் துளைகளின் விளிம்பும், வரிசை வரிசையாக நிற்கும் நுண்புடைப்புகளும் தெளிவாக எழும். எத்தனாலில் மறுபடி வைத்தால் சாயம் மெல்லப் போய்விடும், மாதிரிக்குச் சேதம் இல்லை. மெல்லிய காற்றைத் தலை மேல் ஊதிப் பார்க்கும் வழியும் உண்டு. தோல் காயத் தொடங்கும்போது துளைகள் துலங்கும்.

உளுவை வகைப்பாட்டில் ஜப்பானின் முன்னாள் பேரரசர் அகிஹிட்டோவின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1960-களிலிருந்து உளுவைகளைப் பற்றி எழுதி வருகிறார். தோள்பட்டை எலும்பு, தலையின் உணர்வு அமைப்பு மாதிரியான கண்ணில் படாத உறுப்புகளை வைத்து இனங்களைப் பிரிக்க முடியும் என்று காட்டியவர்களில் அவர் ஒருவர். 2019-ல் பதவி விலகிய பிறகும் நிறுத்தவில்லை; 2021-ல் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து கல்லோகோபியஸ் பேரினத்தில் இரண்டு புது இனங்களை விவரித்தார். பொறுமையான வேலைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

டிஎன்ஏ பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

நிறையத் தீரும், எல்லாம் தீராது. மீன்களுக்கு வழக்கமாகப் பார்ப்பது சிஓ1 என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதி. டிரிம்மா பேரினத்தில் வின்டர்பாட்டமும் அவருடைய குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உருவத்தை வைத்துப் பிரித்த இனங்களைவிட மிக அதிகமான மரபுவழிகள் தெரிந்தன. ஒரே இனம் என்று நினைத்தவற்றுக்குள் பல ஒளிந்திருக்கின்றன என்பது அதிலிருந்து தெளிவு.

ஆனால் இத்தனை சதவீதம் வேறுபட்டால் வேறு இனம் என்று எல்லாப் பேரினத்துக்கும் பொருந்தும் ஒரு கோடு கிடையாது. தரவுத்தளத்தில் இருக்கும் ஒப்பீட்டு மாதிரிக்கே தவறான பெயர் இருந்தால் உங்கள் மீனுக்கும் அதே தவறான பெயர்தான் வரும். டிஎன்ஏ முடிவை, நிறம், துளை, கதிர் எண்ணிக்கை ஆகியவற்றோடு சேர்த்துப் படியுங்கள். எல்லாம் ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம்.

புது இனம் என்று விவரிக்கும் கட்டுரையில் என்ன இருக்க வேண்டும்?

விலங்குகளுக்கான பெயர் விதிகள் 1758-ல் வந்த லின்னேயஸின் பட்டியலைத் தொடக்கமாகக் கொள்கின்றன. 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனப்பெயருக்கும், இது புது இனம் என்ற வெளிப்படையான அறிவிப்பு வேண்டும். பெயர்தாங்கி மாதிரியைக் குறிப்பிட வேண்டும்; வழக்கமாக அது ஹோலோடைப் எனப்படும் ஒரே ஒரு மாதிரி. அது எந்த நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்றும் சொல்ல வேண்டும். கூடவே வைக்கும் மற்ற மாதிரிகள் பாராடைப்கள். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரைகள் 2012 முதல் செல்லும், ஆனால் விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிந்து, பதிந்த விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எழுத்தில் கவனம் வேண்டிய இடம் வேறுபடுத்தும் குறிப்பு. முழு விவரிப்பில் மீனின் எல்லா உறுப்பையும் எழுதுவீர்கள், பக்கம் பக்கமாகப் போகும். வேறுபடுத்தும் குறிப்பில், இந்த மீனைப் பேரினத்தின் மற்ற எல்லா இனத்திலிருந்தும் பிரிக்கிற சில பண்புகளை மட்டும் எழுத வேண்டும். "வயிறு கறுப்பு" என்று மட்டும் எழுதினால் போதாது; "வயிறு கறுப்பு, துளை அமைப்பு முழுமை, கதிர்கள் 9/8, ஐந்தாவது இடுப்புக் கதிர் இல்லை" என்று கூட்டாக எழுதும்போதுதான் வேறு எந்த இனமும் உள்ளே நுழையாது. அடுத்து, மிக நெருங்கிய இரண்டு மூன்று இனங்களைப் பெயர் சொல்லி எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் எதில் வேறுபடுகிறது என்று எழுதுங்கள். மதிப்பீட்டாளர்கள் முதலில் படிப்பது இந்தப் பத்தியைத்தான். பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று பார்க்க, கலிபோர்னியா அறிவியல் கழகம் பராமரிக்கும் எஷ்மெயர் மீன் பட்டியல் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது திறக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

ஒரே ஒரு மீனை வைத்து விவரிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். விதி தடுக்கவில்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆணும் பெண்ணும், சிறியதும் பெரியதும் இருந்தால்தான் எது இனத்தின் பண்பு, எது அந்த ஒரு மீனின் பண்பு என்று தெரியும்.

இந்தியக் கடலில் எடுக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒரு குட்டி உளுவையைக்கூட எடுக்கக்கூடாது. பவளம் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, மீனைப் பிடிக்க அதை உடைப்பது குற்றம். 2002-ம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டப்படி, புது இனம் கண்டுபிடித்தவர் அதைத் தெரிவித்து, மாதிரியை அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்குக் கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட காப்பகம். மாதிரியை ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள்.

நம் கரையின் மாதிரிகள் வெளியே போன வரலாறு பழையது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடியிலிருந்த ஜான் என்ற சமயப் பணியாளர் அனுப்பிய மீன்கள் பெர்லினில் பிளாக் என்ற மீனியல் ஆய்வாளரின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தன. 1801-ல் வெளியான நூலில் அந்த மீன்களுக்குப் பெயர்கள் வந்தன. பிறகு மெட்ராஸில் பணியாற்றிய பிரான்சிஸ் டே சேகரித்த மீன்களில் ஒரு பெரும் பகுதியை 1883-ல் சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் வாங்கியது. அதனால் நம் கடற்கரை உளுவை ஒன்றைச் சரிபார்க்க இன்றைக்கும் பெர்லினுக்கோ சிட்னிக்கோ எழுத வேண்டி வரலாம். எழுதினால் பதில் வரும், தயங்காதீர்கள்; மாதிரியின் படமும் எக்ஸ்ரேயும் கேட்பது வழக்கமான விஷயம்தான்.

நான் ஆய்வாளர் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

கரையோரப் பாறைக் குட்டைகளிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் பூங்காவுக்கு வெளியே உள்ள குட்டைகளில் பாத்திகோபியஸ் என்ற உளுவை உட்கார்ந்திருக்கும். மார்புத் துடுப்பின் மேல் கதிர்கள் சவ்வில் சேராமல் பட்டு இழைகளாகத் தனியே நிற்பது அதன் அடையாளம். கண்ணாடி டப்பாவில் கொஞ்ச நேரம் வைத்துக் கைக்கண்ணாடியால் பார்த்தால் தெரியும், பார்த்துவிட்டு அதே குட்டையில் விட்டுவிடலாம். இந்த ஒரு பண்பைக் கண்ணால் பார்த்தவருக்கு மற்றதெல்லாம் படிப்படியாகப் பிடிபடும். டைவிங் போகிறவராக இருந்தால் மேலே சொன்ன நாலு கோணப் படங்களையும் ஆழத்தையும் இடத்தையும் சேர்த்து ஆய்வாளர்களிடம் கொடுங்கள். படத்தை வெட்டாமல், நிறத்தைக் கூட்டாமல், எடுத்தபடியே அனுப்புங்கள்.